கூண்டுக்கு எதிரே

அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் என்னை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. கால்நடை மருத்துவருக்குக் கீழே வேலை பார்த்த கள உதவியாளன். ஊசி போடுவேன், குடற்புழு மருந்து ஊற்றுவேன், மாடு கன்று போட முடியாமல் தவித்தால் மருத்துவர் வந்து சேரும்வரை கூட நிற்பேன். ஓய்வு பெறும்வரை ஒருவரையும் நான் திருத்தவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. உங்களையும் இன்னும் ஒரு மாதத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள், குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஊக்கமூட்டும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

படகுகள் கட்டும் ஜெட்டி பக்கம் சூசை என்று ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மனைவி பிலோமினா சந்தையில் மீன் விற்பவள், கேட்பவர்களுக்கு அங்கேயே அறுத்துக் கழுவியும் கொடுப்பாள். சூசை டிங்கிப் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு மழைநாளில் ஜெட்டிப் படிக்கட்டில் மல்லாக்க விழுந்தார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தும் இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சக்கர நாற்காலியில் உட்கார்த்தினார்கள். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிலோமினா சொன்னாள். யாராவது பேசினால் ம் என்பாராம், அவ்வளவுதான்.

அப்போதுதான் வீட்டில் முயல் வளர்க்கும் திட்டம் வந்தது. ஒரு ஆண், மூன்று பெட்டை, நான்கு கம்பிவலைக் கூண்டு. மெயின்லாண்டிலிருந்து கப்பல் தாமதமானால் கோழித்தீவனம் நின்றுபோகும், கறி விலை ஏறிவிடும், முயலுக்கோ வேலியோரத் தழையே போதும் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். பிலோமினா பெயர் கொடுத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் கூண்டுகளைச் சூசையின் கைக்கு எட்டும் உயரத்தில் அடிக்கச் சொன்னேன். என் பணிக்காலத்தில் நான் யோசித்துச் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. அதை எழுதுவதற்கே இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் மாதம் போனபோது நாற்காலி கூண்டுகளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான்காம் மாதம் சூசை என்னிடம் சண்டை போட்டார். ஈரத்தழை கொடுத்தால் வயிறு உப்பும் என்று நான் அவரிடம் சொல்லவில்லையாம், ஒரு குட்டி செத்துப்போயிற்றாம். "நீங்க என்னத்தப் படிச்சிட்டு வந்திய?" என்று கத்தினார். பிலோமினா வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் சத்தம் போட்டு எத்தனை காலமாகிவிட்டது என்று அவளுக்குத்தான் தெரியும்.

முயல்களுக்குத் தான் வேலை செய்த படகுகளின் பெயர்களை வைத்திருந்தார். கடல்ராசா, அலங்காரி, சகாயம், ஸ்டெல்லா. எட்டாவது மாதம் பெரிதும் சிறிதுமாகப் பதினேழு உருப்படிகள். அது போக ஸ்டெல்லா அப்போதுதான் ஏழு குட்டி போட்டிருந்தது. காலையில் சூசைக்கு நேரம் போதவில்லை.

இந்த இடத்தில்தான் போர்ட் பிளேர் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. கறிக்காகக் கொடுத்த முயல். ரங்கத்தில் இதுவரை ஒரு வீட்டில்கூட அறுத்ததாகத் தகவல் இல்லை. செல்லப்பிராணி வளர்க்க நாம் கூண்டு கொடுக்கவில்லை. மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அறுப்பு நடக்காத வீடுகளில் கூண்டையும் முயலையும் திரும்ப எடுத்து வேறு ஊருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சொன்னதில் பொய் இல்லை. எந்த வீட்டிலும் யாரும் அறுக்கவில்லை. எல்லாரும் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டில் முயல் கட்டிலில் தூங்கியது. நானும் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவன்தான்.

சூசையிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் கூண்டுக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போயிருவாவளா சார்?"

"அறுத்துக் காட்டினா எடுக்க மாட்டாங்க."

"எத்தன அறுக்கணும்?"

"மூணு போதும்."

"மூணு அறுத்தா மிச்சத்த விட்டுருவாவள்லா?"

விட்டுவிடுவார்கள் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணினார். கடல்ராசா, அலங்காரி, சகாயம் என்றார். வயதானதாகப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தார். பிலோமினா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"சார், நான் மீன் அறுத்த கை. உசுரோட இருக்கத அறுத்ததில்ல. கோழிகூட கடையிலதான் வாங்குவேன். உங்களுக்குத் தெரியுமில்லா?"

உள்ளேயிருந்து சூசை சொன்னார்: "டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"பயிற்சி எடுத்திருக்கேன்மா," என்றேன்.

எடுத்திருந்தேன். மெயின்லாண்டில் ஐந்து நாள் முயல் வளர்ப்புப் பயிற்சி. நான்கு நாள் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஐந்தாம் நாள் அறுப்புப் பாடம், செய்முறை. அன்று மதியம் நான் வீட்டுக்குச் சேலையும் குக்கருக்கு வளையமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். இங்கே கிடைக்காத சாமான்களின் பட்டியல் நீளமாக இருந்தது. மாலையில் திரும்பி வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். அதில் அந்தப் பாடமும் அடக்கம். வேலைக்குச் சேர்ந்த பிறகு எத்தனையோ ஆயிரம் ஊசி போட்டிருக்கிறேன், ஆனால் ஒரு பிராணியைக்கூட என் கையால் கொன்றதில்லை.

புத்தகத்தை எடுத்துப் படித்தேன். காதுக்குப் பின்னால், கழுத்து தொடங்கும் இடத்தில் கட்டையால் ஒரே அடி. மயங்கிவிடும். பிறகு கத்தி. ஒரு பத்தியில் முடிந்துவிட்டது.

நல்ல கத்தி வேண்டுமென்று சந்தையில் ஆட்டுக்கறி பாயிடம் போனேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். நான் வந்து செய்து தருகிறேன் என்றார். அதிகாரிக்காகத் துறை ஆள்தான் செய்துகாட்ட வேண்டும் என்றேன். அவர் கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "டாக்டர் சாப், ஏக் பாத். தூஸ்ரா ஜான்வர் கே சாம்னே மத் காட்னா," என்றார். இன்னொரு பிராணியின் முன்னால் வைத்து அறுக்காதே என்கிறார். அவர் கடையில் அப்படித்தான். அறுக்கும் இடத்துக்கும் ஆடுகள் கட்டியிருக்கும் இடத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு தார்ப்பாய் தொங்கும். கத்தி தீட்டுவதைக்கூட ஆடு பார்க்கக் கூடாது என்பார்.

அது அவர்கள் மார்க்கத்தின் முறை என்று நினைத்தேன். நமக்குத்தான் விஞ்ஞானம் இருக்கிறதே. சரி பாய், சரி பாய் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதிகாரி வரும் நாள் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை, காட்டுச் சாலையில் வண்டிகளை ஒன்றாகச் சேர்த்து விடும் முதல் கான்வாயில் கிளம்பி, பாராடாங்கில் படகு கடந்து, மதியச் சாப்பாட்டுக்கு ரங்கத் வந்துவிடுவார். சமையல் தயாராக இருக்க வேண்டும். அறுப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும். இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கூண்டுகளுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி. அங்கேதான் குழாய் இருந்தது, நிழல் இருந்தது. படத்தில் பின்னணியாகக் கூண்டுகள் வரிசையாக விழும். திட்டத்தின் பெயர் எழுதிய தகரப் பலகையும் தெரியும். அதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். படம் நன்றாக வர வேண்டும் என்பதுதான் அன்று என் கவலை.

உள்ளே போய் இருங்கள் என்று சூசையிடம் சொன்னேன். மாட்டேன் என்றார். "நான்தான் எடுத்துத் தருவேன். வேற ஆள் தொட்டா பயப்படும்."

பாராடாங் தாண்டியாயிற்று என்று அதிகாரியின் டிரைவரிடமிருந்து போன் வந்தது. சூசை முதலில் கடல்ராசாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காதுகளை ஒருமுறை நீவிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினேன். கட்டையை ஓங்கினேன். ஓங்கிய கை நடுவில் ஒரு கணம் யோசித்தது. அந்த ஒரு கணத்தில் அது உடம்பை வளைத்துத் திரும்பியது. அடி கழுத்தில் விழவில்லை, முதுகில் விழுந்தது.

முயல் சத்தமே போடாத பிராணி என்று நான்தான் எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்காது என்று திட்டத்தின் நன்மைகளில் ஒன்றாகச் சொல்வேன். எட்டு மாதமாக அந்த வீட்டில் ஒரு முயலும் வாய் திறந்ததில்லை. கடல்ராசா கத்தியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் எழுத மாட்டேன். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

நான் கைவிட்டுவிட்டேன். கீழே விழுந்த அது ஓடப் பார்த்தது. முதுகெலும்பு முறிந்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் செத்துப்போய்த் தரையில் இழுபட, முன்னங்கால்களால் நகர்ந்து நகர்ந்து, தெரிந்த ஒரே இடத்துக்குப் போயிற்று. சூசையின் நாற்காலிச் சக்கரத்துக்கு.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். அதன் கால்களைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். அந்த முற்றத்தில் நின்ற நாலைந்து பேருக்கும் அது புரிந்தது. என்னிடம் கத்தி இருந்தது, குனிந்து ஒரு நொடியில் முடித்திருக்க வேண்டும். நான் கட்டையைப் பிடித்தபடி நின்றேன். பிலோமினாதான் வந்தாள், என் இடுப்பிலிருந்து பாயின் கத்தியை உருவினாள், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து முடித்தாள். உயிரோடு இருப்பதை அறுத்ததில்லை என்று சொன்ன பெண்.

கூண்டுகள் அதிர்ந்துகொண்டிருந்தன. முயலுக்குப் பயம் வந்தால் பின்னங்காலால் தரையை உதைக்கும். பதினாறும் ஒரே சமயத்தில் உதைத்தன. கம்பிவலை முழுக்க அந்தச் சத்தம். ஸ்டெல்லா குட்டிப் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. அது தெரிந்தும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதிகாரி வந்துகொண்டிருக்கிறாரே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. மற்ற இரண்டையும் கக்கூஸுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய் அறுத்தேன். அவை கத்தவில்லை, ஆனால் சீக்கிரமாகவும் போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி வேண்டாம்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். தோலுரித்துத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துப் பாராட்டினார். சூசையின் தோளில் கைவைத்து நலம் விசாரித்தார். சூசை பதில் சொல்லவில்லை, மொழி புரியவில்லை என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். பிலோமினா கழுவிய கையோடு குழம்பு வைத்து, சோறு வடித்து, வாழையிலை போட்டாள். அதிகாரி கும்பிட்டுச் சிரித்தார். "ஆஜ் மங்கள்வார் ஹை, பெஹன்." செவ்வாய்க்கிழமைகளில் அவர் கறி தொடுவதில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிரைவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

கூண்டுகள் அங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி கிளம்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து நானும் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பிலோமினா போன் செய்தாள். "சார், ஒரு நட வாங்க." போனேன். ஸ்டெல்லாவின் பெட்டியில் ஏழு குட்டிகளும் செத்துக் கிடந்தன. மிதித்திருந்தது. இரண்டைக் கடித்துமிருந்தது. பயந்துபோன தாய் முயல் அப்படிச் செய்யும். என் நோட்டில் நானே எழுதி வைத்திருந்த வரி அது, பயிற்சியின் மூன்றாம் நாள்.

சூசையின் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இதற்குப் பிறகு நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். வாரம் மூன்று முறை போனேன். துறைப் பண்ணையிலிருந்து வெள்ளைக் குட்டிகள் இரண்டைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். கையை எடுத்ததும் அவை இறங்கி ஓடிவிட்டன, அவர் பிடிக்கவில்லை, நானே பிடித்துத் திரும்பக் கொண்டுபோனேன். பங்குச் சாமியார் வந்து பேசினார். சூசையின் பழைய டிங்கிக்காரர்கள் வந்து பேசினார்கள். ம் என்றார். பிலோமினா மீன்கடைக்குப் போகுமுன் தழை வெட்டி, வந்தபின் கூண்டு கழுவி, இளைத்துப்போனாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, நான் எழுந்து புறப்படும்போது சூசை சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"மிச்சத்தையும் அறுத்துருங்க சார்."

வேண்டாம், வேறு நல்ல வீடாகப் பார்த்து உயிரோடு கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"அங்கயும் ஒருநா அறுப்பாவ. தெரியாதவன் அறுப்பான். கத்தும்." கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சரியா படிச்சிட்டு வந்து அறுங்க. நான் இருக்கேன். எங்க போகப் போறேன்."

போர்ட் பிளேருக்குப் போன் செய்து, அந்த வீட்டுக் கூண்டுகள் திரும்ப வருகின்றன என்றேன். என்ன ஆயிற்று என்று அதிகாரி கேட்டார். முதன்முறையாக முழுக்கதையையும் சொன்னேன். "அந்த மனிதருக்கு இது மருந்து மாதிரி என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டைப் பார்த்திருப்பேனே," என்றார். ஒரே ஒரு போன். அது எனக்குத் தோன்றவில்லை. மேலிருந்து வந்த தகவலுக்குத் திரும்பப் பேசலாம் என்றே எனக்குத் தெரியாது. இருக்கும் வழி இரண்டுதான், அறுப்பது அல்லது பறிகொடுப்பது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அதை ஒரு முடமான மனிதரின் மடியில் கொண்டுபோய் வைத்தேன். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு ஏதாவது பாடம் இருந்தால் அது இதுதான். எனக்கு இனி அதனால் பிரயோசனம் இல்லை.

பாயிடம் போனேன். நான் அன்றே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினார். அலுவலகம் திறக்குமுன் தினமும் அவர் கடையில் நின்றேன். பிறகு பண்ணையில் கழித்துவிட்ட முயல்களை வாங்கி வந்து, அவர் பக்கத்தில் நிற்க, நான் செய்தேன். முதலில் தண்ணீர் காட்டு, கண்ணை உள்ளங்கையால் மூடு, அதன் மூச்சு அடங்கும்வரை உன் மூச்சும் அவசரப்படக் கூடாது. "ஹாத் டர்னா நஹி," என்பார். கை பயந்தால் அதற்குத் தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் மதியம் கடைத்தெருவுக்குப் போனவன், ஐம்பத்தாறு வயதில் அந்த ஒரு பத்தியைப் படித்து முடித்தேன். ஆறு வாரம் ஆனது.

பதினான்கு முயல்கள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு போனேன். சூசை உள்ளே சுவரைப் பார்த்தபடியே, பின்பக்கச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், கூண்டுகள் கண்ணில் படாத மூலையில் தார்ப்பாய் கட்டினேன். பிலோமினா ஒவ்வொன்றாகச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்து தந்தாள். நான் தண்ணீர் காட்டினேன், கண்ணை மூடினேன். ஒன்றுகூடத் துடிக்கவில்லை. அடுத்த கூண்டிலிருந்த முயல் தழை தின்பதை நிறுத்தவில்லை என்று அவளே சொன்னாள். என் கை பயப்படவில்லை. ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் அது, அதுதான் என்னைக் கொன்றது.

கடைசியாக ஸ்டெல்லாவைக் கொண்டுவந்தாள். அதையும் முடித்து, மற்றவற்றோடு வாழையிலையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து சூசையின் குரல் வந்தது.

"பிலோமினா, டாக்டர் இன்னும் ஆரம்பிக்கலியா?"